சாலை தள்ளிவிட்ட சுமை: சிங்கப்பூர் நடைபாதைகளில் சைக்கிளும் பாதசாரியும்

2025 ஜூலை 1 முதல் சிங்கப்பூரில் ஒரு விதி நடப்புக்கு வந்தது. சைக்கிள் பாதையும் நடைபாதையும் அருகருகே அமைந்த இடங்களில் நடைபாதை இனி நடப்பவர்களுக்கு மட்டுமே உரியது. சக்கர நாற்காலி போன்ற உதவிச் சாதனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கே சைக்கிளோ, மின்ஸ்கூட்டர் போன்ற தனிநபர் நடமாட்டச் சாதனமோ ஓட்டிப் பிடிபடுபவருக்கு 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பக்கத்திலேயே செந்நிறப் பூச்சுடன் தனிப்பாதை போட்டுக் கொடுத்த பிறகு நடைபாதையில் எதற்காக ஓட்ட வேண்டும் என்று கேட்பவருக்கு இதில் விவாதிக்க எதுவும் இருப்பதாகவே தோன்றாது. ஆனால் இவ்வளவு எளிய விதிக்கு வந்து சேர அந்த நகரத்துக்குப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன. நடைபாதைச் சிக்கலை ஓட்டுபவரின் ஒழுக்கக் குறைவாகவே பார்த்துப் பழகிய நமக்கு, அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் என்ன நடந்தது என்பது வேறொரு காரணத்தைக் காட்டுகிறது.

கதை தெம்பனிஸ் நகரில் தொடங்குகிறது. நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவது அதுவரை சிங்கப்பூர் முழுவதும் சட்டப்படி குற்றம். சட்டம் அப்படி இருந்தபோதும், குடியிருப்புப் பேட்டைகளில் ஈரச்சந்தைக்குப் போகிறவர்களும், பிள்ளையைப் பின்னிருக்கையில் வைத்துப் பள்ளிக்குக் கூட்டிச் செல்கிறவர்களும், எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு விரைகிறவர்களும் நடைபாதையில்தான் ஓட்டினார்கள். எழுதிய சட்டத்துக்கும் நாள்தோறும் நடப்பதற்கும் இருந்த இந்த இடைவெளியை என்ன செய்வது என்று பார்ப்பதற்காக 2007-ல் தெம்பனிசில் ஒரு சோதனை முயற்சி தொடங்கப்பட்டது. அந்த நகரத்தில் மட்டும் நடைபாதையைச் சைக்கிளோட்டிகளும் பாதசாரிகளும் பகிர்ந்துகொள்ளலாம் என்றார்கள். தொண்டூழியர்கள் பாதைகளில் நின்று ஓட்டுபவர்களுக்கு அறிவுரை சொன்னார்கள். 2010 மார்ச் 1 முதல் அந்த அனுமதி தெம்பனிசில் நிரந்தரமாயிற்று.

அந்த முடிவு ஏன் அப்போது நியாயமாகத் தெரிந்தது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அதைக் குறைசொல்வது சரியாகாது. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 12 விழுக்காடு ஏற்கெனவே சாலைகளுக்குப் போய்விட்டது என்பதை அரசாங்கம் அடிக்கடி சொல்லி வந்திருக்கிறது. பெரும்பாலான சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். பேருந்தும் லாரியும் ஓடும் அந்தச் சாலையின் இடது ஓரத்தில் ஒரு தாய் தன் குழந்தையோடு சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று யாரும் மனச்சாட்சியோடு சொல்ல முடியாது. ஆகவே, ஓட்டுபவரைக் காப்பாற்ற அவரை நடைபாதைக்கு ஏற்றினார்கள். உயிரைக் காக்கும் நோக்கம் அதில் உண்மையாகவே இருந்தது.

ஆனால் அந்த ஏற்பாட்டின் கணக்கைப் பார்க்க வேண்டும். காருக்குரிய இடம் அப்படியே இருந்தது. காரின் வேகமும் அப்படியே இருந்தது. சாலையில் பயந்தவர் நடைபாதைக்கு வந்தார். நடைபாதையில் பயந்தவர் போவதற்கு வேறு இடமே இல்லை. நடைபாதைச் சிக்கல் என்று நாம் பேசுவதெல்லாம் இந்த இடப்பெயர்ச்சியின் விளைவு என்பதுதான் என் கருத்து. பெரிய வண்டியின் ஆபத்து நடுவில் இருப்பவர் மீது விழுந்தது, அவர் வழியாக அது கடைசியில் இருப்பவரிடம் போய்ச் சேர்ந்தது.

2015-ல் நிலைமையை ஆராய ஓர் ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. சைக்கிளோட்டிகள், பாதசாரிகள், மூத்தோர், இளையர் என்று பல தரப்பினரும் இருந்த அந்தக் குழு 2016 மார்ச்சில் தன் பரிந்துரைகளை வெளியிட்டது. நடைபாதையில் மணிக்கு 15 கிலோமீட்டர், சைக்கிள் பாதையிலும் பகிர்வுப் பாதையிலும் 25 கிலோமீட்டர் என்று வேக வரம்பு வகுக்கப்பட்டது. சாதனங்களின் எடை 20 கிலோவுக்கும் அகலம் 70 சென்டிமீட்டருக்கும் மிகக்கூடாது என்றும் வரையறுக்கப்பட்டது. 2017 ஜனவரியில், இவற்றைச் சட்டமாக்கும் ஆக்டிவ் மொபிலிட்டி மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2018 மே 1 முதல் சட்டமாக நடப்புக்கு வந்தது. தெம்பனிசுக்கு மட்டும் இருந்த அனுமதி தீவு முழுவதுக்கும் விரிந்தது. ஒரே ஆண்டுக்குள், 2019 பிப்ரவரி 1 அன்று, நடைபாதை வேக வரம்பை 10 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். சாலையைக் கடக்கும் இடங்களில் நின்று, பார்த்து, பிறகே செல்ல வேண்டும் என்றும் கட்டாயமாக்கினார்கள்.

பதினைந்துக்கும் பத்துக்கும் இடையில் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றலாம். கணக்குப் போட்டால் தெரியும். மணிக்கு 25 கிலோமீட்டரில் போகிறவர் ஒரு நொடியில் ஏறத்தாழ 7 மீட்டர் நகர்ந்துவிடுகிறார். எதிரே ஆள் வருவதைக் கண்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அந்த 7 மீட்டர் பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே போய்விடும். நல்ல பிரேக் உள்ள சைக்கிள் அதன் பிறகு நிற்க இன்னும் 8 மீட்டர் தேவை. ஆக மொத்தம் 15 மீட்டர். 15 கிலோமீட்டர் வேகத்தில் இது ஏறத்தாழ 7 மீட்டராகவும், 10 கிலோமீட்டர் வேகத்தில் 4 மீட்டராகவும் சுருங்குகிறது. மோதலின் கடுமையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 25-ல் போகும் ஆளும் வண்டியும் சேர்ந்து சுமக்கும் ஆற்றல் 10-ல் போகும்போது இருப்பதைப்போல் ஆறு மடங்குக்கும் அதிகம். ஆகவே வேகத்தைக் குறைத்தது சரியான முடிவு.

ஆனால் அந்த 4 மீட்டரும் பல இடங்களில் கிடைப்பதில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூண்களுக்கு நடுவிலிருந்து ஒரு குழந்தை நடைபாதைக்கு ஓடி வருகிறது. தூணின் விளிம்புக்கும் பாதையின் ஓரத்துக்கும் இடையே ஓரிரு எட்டு தூரம்தான் இருக்கும். சுவரை ஒட்டி வரும் சைக்கிளோட்டிக்குக் குழந்தை தெரியும் கணத்தில் அது ஏற்கெனவே முன்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும். அங்கே மணிக்கு 10 கிலோமீட்டரும் அதிகம். நடக்கும் வேகமான 4 அல்லது 5 கிலோமீட்டர்தான் பொருந்தும். மேலும், வேகமானி இல்லாத சைக்கிளில் தன் வேகம் 10-ஆ 14-ஆ என்பது ஓட்டுபவருக்கே தெரியாது. தெரியாத ஒன்றை மீறாதே என்று சட்டம் சொல்கிறது. அதைக் கண்காணிக்க அதிகாரிகள் கருவியுடன் நடைபாதையில் நிற்க வேண்டியிருக்கிறது.

பேருந்து நிறுத்தங்கள் இதைவிடக் கடினம். பல இடங்களில் நிறுத்தத்தின் கூரைக்கும் பின்னாலிருக்கும் புல்தரைக்கும் நடுவே நடைபாதை ஒடுங்கிச் செல்கிறது. பேருந்தின் பின்கதவு திறந்து இறங்குபவர்களின் கவனமெல்லாம் படியிலும் கைப்பையிலும் இருக்கும். ஏறப் போகிறவர்கள் பேருந்தின் எண்ணைப் பார்த்துக்கொண்டு பின்வாட்டில் நகர்வார்கள். ஒன்றரை மீட்டர் அகலமுள்ள பாதையில், கைப்பிடி மட்டுமே அரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள சைக்கிள் அந்தக் கூட்டத்தைக் கடக்க முயலும்போது, தாண்டிச் செல்லும் இடைவெளி ஒருவரின் தோள் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. இறங்கித் தள்ளிச் செல்வதே ஒழுங்கு என்று எல்லாருக்கும் தெரியும். காலை நேர அவசரத்தில் அதைச் செய்பவர் சிலரே.

மணி அடிக்கும் விஷயத்தில் இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மணி அடிக்காமல் பின்னாலிருந்து வந்து உரசினாற்போல் கடந்தால் பாதசாரிக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. மணி அடித்தாலோ, வயதானவர் முதலில் தலையைத் திருப்புகிறார், திருப்பிய பக்கமே உடலும் சாய்கிறது, கால் ஓர் அடி அந்தப் பக்கம் விலகுகிறது. சைக்கிள் அந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருக்கும். காது மந்தமானவருக்கும் காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு நடப்பவருக்கும் மணி ஒலிப்பதே தெரியாது. ஓட்டுபவரோ மணி அடித்தாயிற்று, விலகிவிடுவார் என்று நம்பி வேகத்தைக் குறைக்காமல் வருவார். எச்சரிக்க வைத்த கருவியே இரு தரப்பிலும் தவறான எதிர்பார்ப்பை உண்டாக்குகிறது. மணி அடிப்பது வழிவிடச் சொல்லும் உத்தரவு ஆகாது என்பதை ஓட்டுபவர் உணர்ந்து, நிறுத்தும் அளவுக்கு வேகத்தைக் குறைத்த பிறகே அதை ஒலிக்க வேண்டும்.

இளவயதினர் ஒருவர் மீது சைக்கிள் இடித்தால் சிராய்ப்போடு போகக்கூடும். எழுபது வயதுக்காரருக்குச் சைக்கிளின் இடியைவிடத் தரையில் விழுவதே பெரிய கேடு. இடுப்பெலும்பு முறிந்தால் அறுவைச் சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை, அதன் பிறகு பழைய நடை திரும்பாமலே போவது என்று ஒரு முழு வாழ்க்கையின் போக்கே மாறுகிறது. பின்தலை தரையில் மோதினால் மூளைக்குள் இரத்தக்கசிவு. 2030 வாக்கில் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்பது அரசாங்கமே தரும் கணிப்பு. நடப்பதுதான் அந்த வயதில் மருத்துவர் சொல்லும் முதல் மருந்து. நடைபாதை அவர்களுக்குப் பயமில்லாத இடமாக இருக்க வேண்டியது இதனால்தான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகிறது.

நகரத்தின் பொறுமை முறிந்தது சைக்கிளால் அல்ல, மின்ஸ்கூட்டரால். 2016-க்குப் பிறகு மின்ஸ்கூட்டர்கள் நடைபாதைகளில் பெருகின. மிதிக்கும் களைப்பு இல்லாததால் வேகம் குறைய இயற்கையான காரணம் எதுவும் அவற்றுக்கு இல்லை; மாற்றியமைத்த சில வண்டிகள் சாலை வண்டிகளின் வேகத்தில் நடைபாதையில் ஓடின. 2019 ஜனவரி முதல் பதிவு நடைமுறை தொடங்கி, ஜூலை முதல் பதிவில்லாமல் ஓட்டுவது குற்றமாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் பிடோக்கில் சைக்கிளில் சென்ற 65 வயது மாது ஒருவர் மின்ஸ்கூட்டர் மோதிப் படுகாயமடைந்து சில நாட்களில் உயிரிழந்தார். நவம்பர் 4 அன்று போக்குவரத்து மூத்த துணை அமைச்சர் லாம் பின் மின் நாடாளுமன்றத்தில் தடையை அறிவித்தார். மறுநாள் முதலே மின்ஸ்கூட்டர்களுக்கு நடைபாதை மூடப்பட்டது. ஆண்டு இறுதிவரை எச்சரிக்கை, 2020 தொடக்கத்திலிருந்து தண்டனை. 2020 ஏப்ரலில் மின்சாரத்தில் ஓடும் மற்ற நடமாட்டச் சாதனங்களுக்கும் அதே தடை விரிந்தது.

தடை தேவையானதுதான். அதைச் சொல்லிவிட்டு, அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ ஒரு லட்சம் மின்ஸ்கூட்டர்கள் அப்போது பதிவில் இருந்தன. உணவு விநியோக ஊழியர்களில் சுமார் 7,000 பேர் அவற்றை நம்பிப் பிழைத்தார்கள். முந்தைய நாள்வரை சட்டபூர்வமாக இருந்த தொழிற்கருவி மறுநாள் காலை பயனற்றதாகிவிட்டது. அவர்கள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களின் மக்கள் சந்திப்புகளுக்குத் திரண்டு வந்து முறையிட்ட பிறகு, சைக்கிளுக்கோ மின்சைக்கிளுக்கோ மாறிக்கொள்ள ஆளுக்கு 1,000 வெள்ளி வரை உதவ 70 லட்சம் வெள்ளி ஒதுக்கப்பட்டது. மின்சைக்கிளுக்கு நடைபாதையில் அனுமதி கிடையாது. ஆகவே அதற்கு மாறியவர்கள் சாலைக்கும் சைக்கிள் பாதைக்கும் போனார்கள். முதலில் நடைபாதைக்கு ஏற்றிவிட்டு, கருவிகளை வாங்க விட்டு, பிழைப்பை அதன்மேல் கட்டிக்கொள்ள விட்டு, பிறகு ஒரே நாளில் இறக்கிவிடுவது நல்ல வரிசை ஆகாது. பாதையை முதலில் அமைத்து, பிறகு அனுமதி தந்திருந்தால் பாதசாரிகளுக்கும் காயமில்லை, ஊழியர்களுக்கும் இழப்பில்லை.

இந்த வரிசைப் பிழை சிங்கப்பூருக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பானில் 1970-ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 16,765 பேர் மாண்டார்கள். அந்நாட்டு வரலாற்றில் அதுவே உச்சம். காரிடமிருந்து சைக்கிளைக் காப்பாற்ற அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, குறிப்பிட்ட நடைபாதைகளில் சைக்கிளை அனுமதித்தார்கள். நெருக்கடிக்குச் செய்த அந்த ஏற்பாடு இரண்டு தலைமுறைகளின் பழக்கமாகிவிட்டது. பின்னிருக்கையில் குழந்தையும் முன்கூடையில் காய்கறியுமாக நடைபாதையில் ஓட்டுவதே இயல்பு என்று வளர்ந்தவர்களிடம், 2008 ஜூன் முதல், சைக்கிளுக்கு உரிய இடம் சாலைதான், நடைபாதை விதிவிலக்கு என்று சட்டம் திரும்பச் சொன்னது. 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 70 வயதைத் தொட்டவர்களுக்கும் உடற்குறை உள்ளவர்களுக்கும், அனுமதிப் பலகை வைத்த நடைபாதைகளுக்கும், சாலை நிலைமை வேறு வழியின்றிச் செய்யும் இடங்களுக்கும் மட்டும் சலுகை. அதே 2008-ல் கோபே நகரில் 11 வயதுச் சிறுவன் ஓட்டிய சைக்கிள், நடந்து சென்ற 62 வயதுப் பெண் மீது மோதி, அவர் நினைவு திரும்பாத நிலைக்குப் போனார். 2013-ல் நீதிமன்றம் சிறுவனின் தாய் ஏறத்தாழ 9.5 கோடி யென் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு சாதாரணக் குடும்பத்தால் நினைத்துப் பார்க்கவும் முடியாத தொகை அது. கோபே நகரம் அமைந்த ஹியோகோ மாநிலம் 2015-ல் சைக்கிளுக்குக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது, பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 2026 ஏப்ரல் முதல் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள சைக்கிளோட்டிகளின் விதிமீறல்களுக்கு அந்த இடத்திலேயே அபராதச் சீட்டு தரும் முறையையும் ஜப்பான் சட்டமாக்கியிருக்கிறது. ஒரு சலுகையைத் திரும்பப் பெற ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் வேலை முடியவில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

இங்கிலாந்து எதிர்த்திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்தது. 1835-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் நடைபாதையில் வண்டி ஓட்டுவதைத் தடுத்தது; 1888-ல் சைக்கிளும் வண்டி என்று வகைப்படுத்தப்பட்டது; அந்தத் தடை இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆயினும் 1999-ல் அந்த இடத்திலேயே அபராதம் விதிக்கும் அதிகாரம் வந்தபோது, போக்குவரத்துக்குப் பயந்து நடைபாதையில் ஏறி, நடப்பவர்களுக்கு மதிப்புக் கொடுத்து ஓட்டுபவர்கள் இதன் இலக்கு அல்லர் என்று உள்துறை அமைச்சே விளக்கம் தர வேண்டியதாயிற்று. சாலையின் பயம் நீங்காதவரை தடை ஏட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆட்கள் நடைபாதைக்கு வருவார்கள்.

இங்கே பாதசாரிகள் சார்பில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நடைபாதையில் நிகழும் விபத்துகளின் எண்ணிக்கை சாலை விபத்துகளோடு ஒப்பிட்டால் சிறியது என்று சைக்கிள் ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. மரணங்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். பாதசாரிகளைக் கொல்வது பெரும்பாலும் மோட்டார் வாகனங்களே. ஆனால் கணக்கில் ஏறுவது புகாராகப் பதிவானவை மட்டுமே. விழுந்து எழுந்து துடைத்துக்கொண்டு போனவர் அதில் இல்லை. மயிரிழையில் தப்பியவர் இல்லை. ஒருமுறை அப்படித் தப்பிய பிறகு, மாலை நேரத்தில் காப்பிக்கடைக்கு நடந்து போவதையே நிறுத்திவிட்ட மூதாட்டி எந்தப் பட்டியலிலும் வரமாட்டார். அவர் வெளியே வராததால் அங்கே விபத்தும் நேராது. பாதை பாதுகாப்பானதாகப் புள்ளிவிவரம் சொல்லும். பயத்தால் ஒருவர் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்வது காயத்துக்கு நிகரான இழப்பு என்றே நான் கருதுகிறேன். பார்வையற்றவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஓசையின்றி வரும் சக்கரத்தை அவர்கள் அறிய வழியே இல்லை. 2017-ல் பகிர்வுச் சைக்கிள் நிறுவனங்கள் வந்து நடைபாதையெங்கும் வண்டிகள் சாய்ந்து கிடந்தபோதும் முதலில் அவதிப்பட்டவர்கள் அவர்களே. 2018-ல் உரிமமும், அதையடுத்து நிறுத்துமிடத்தில் கியூஆர் குறியீட்டை வருடும் விதியும் வந்த பிறகே அது கட்டுக்குள் வந்தது.

சைக்கிளோட்டிகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் சரியல்ல. நடைபாதை அவர்களுக்கும் நினைக்கிற அளவு பாதுகாப்பானது இல்லை. கார் நிறுத்துமிடத்தின் வாயில், பெட்ரோல் நிலையத்தின் வாயில், சிறு தெருக்கள் சந்திக்கும் முனை ஆகிய இடங்களில் திரும்பும் கார் ஓட்டுநர், நடக்கும் வேகத்தில் வருபவரையே நடைபாதையில் எதிர்பார்க்கிறார். நடப்பவரைவிட மூன்று மடங்கு வேகத்தில் சைக்கிள் வந்தால் அவர் கண்ணில் படுவதற்குள் மோதல் நேர்ந்துவிடுகிறது. நின்று பார்த்துச் செல்லும் விதி 2019-ல் வந்ததன் காரணம் இதுதான். அடுத்து, ஓட்டுபவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். வார இறுதியில் விலையுயர்ந்த வண்டியில் கூட்டமாகச் செல்பவர்கள் பெரும்பாலும் சாலையில்தான் ஓட்டுகிறார்கள். நடைபாதையில் ஓட்டுபவர்கள் இல்லத்தரசிகள், மாணவர்கள், முதியவர்கள், உணவு விநியோகிப்பவர்கள், வெளிநாட்டு ஊழியர்கள். நம் ஊர்களிலிருந்து போன ஊழியர்கள் பலர் தங்குவிடுதிக்கும் வேலையிடத்துக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகளுக்கும் சைக்கிளில்தான் போகிறார்கள். இரண்டாம் கையாக வாங்கிய வண்டி, பின்னால் கட்டிய பை, விளக்கு சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. துவாஸ், கிராஞ்சி போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் கனரக லாரிகள் ஓடும் சாலையின் ஓரத்தில் அவர்களை ஓட்டச் சொல்வதும், நடைபாதையில் ஏறினால் அபராதம் என்பதும் ஒருங்கே நடந்தால் அது அநீதி.

2025-ஆம் ஆண்டு விதி இந்த அநீதியைத் தவிர்க்கிறது என்பதால்தான் அதை நான் வரவேற்கிறேன். மாற்றுப் பாதை இருக்கும் இடத்தில் மட்டுமே அது தடை விதிக்கிறது. தனிப்பாதை இல்லாத இடங்களில் சைக்கிள், 10 கிலோமீட்டர் வரம்புக்கு உட்பட்டு, நடைபாதையில் செல்லலாம் என்ற பழைய நிலை தொடர்கிறது. முதலில் இடம், பிறகு விதி என்ற வரிசை பதினெட்டு ஆண்டுகளில் முதன்முறையாகச் சரியாக அமைந்தது. 2021 முதல் பொதுப் பாதைகளில் ஓடும் எல்லாச் சைக்கிளுக்கும் வேலை செய்யும் கைப்பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இதற்குத் துணை நிற்கிறது. அதற்கு முன் பிரேக்கே இல்லாத, மிதியும் பின்சக்கரமும் சேர்ந்தே சுழலும் நிலைப்பல்சக்கர வண்டிகளில் இளையர்கள் நடைபாதையில் சறுக்கி நிறுத்தி விளையாடியதை நினைத்தால், அந்த விதி அவ்வளவு காலம் இல்லாமல் இருந்ததுதான் வியப்பு.

விதியின் எல்லையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. 2020-ல் சுமார் 460 கிலோமீட்டராக இருந்த சைக்கிள் பாதைக் கட்டமைப்பு 2030-க்குள் 1,300 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும் என்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் திட்டம். பொங்கோல் போன்ற புதிய நகரங்களில் இது எளிது. வரைபடத்திலேயே அகலமான பாதைகள் ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. பழைய பேட்டைகளில் ஒரு பக்கம் வடிகால், ஒரு பக்கம் மரவரிசை, நடுவில் மின்கம்பமும் பேருந்து நிறுத்தமும். அங்கே சைக்கிள் பாதைக்கான ஒன்றரை அல்லது இரண்டு மீட்டரை எங்கிருந்து எடுப்பது? மரத்தை வெட்டினால் நிழல் போய்விடும். அந்த வெயிலில் நிழல் இல்லாத பாதையில் எந்த முதியவரும் நடக்கமாட்டார். நடைபாதையிலேயே கோடு போட்டுப் பிரித்தால் இரண்டுமே பயன்படாத அளவுக்குக் குறுகிவிடும். மிச்சமிருப்பது சாலை ஒன்றே. மூன்று தடங்கள் உள்ள சாலையில் ஒரு தடத்தைக் குறைத்தோ, தடங்களின் அகலத்தைச் சற்றே ஒடுக்கியோ இடம் காணலாம். அங் மோ கியோ நகரில் நடப்பதற்கும் சைக்கிளுக்கும் தனித்தனியாகப் பிரித்து அமைத்த வழித்தடம், பழைய பேட்டையிலும் இது இயலும் என்று காட்டியிருக்கிறது.

சாலையின் வேகத்தைக் குறைப்பது அதைவிட மலிவான வழி. முதியோர் அதிகம் வாழும் இடங்களில் 2014 முதல் அமைக்கப்பட்டுவரும் ‘வெள்ளி வட்டாரங்கள்’ (சில்வர் ஸோன்) எனப்படும் பகுதிகளில் வாகன வேகம் 40 அல்லது 30 கிலோமீட்டராகக் குறைக்கப்படுகிறது. தடங்கள் குறுக்கப்பட்டு வளைவுகள் சேர்க்கப்படுகின்றன. முதியவர் சாலையைக் கடப்பதற்காகச் செய்த அந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. கார் 30 கிலோமீட்டரில் போகும் தெருவில் சைக்கிளோட்டி சாலையிலேயே பயமின்றி ஓட்ட முடியும். அவர் நடைபாதைக்கு ஏற வேண்டிய காரணமே அற்றுப்போகிறது. புளோக்குகளுக்கு நடுவே செல்லும் உள்தெருக்கள் எல்லாவற்றிலும் 30 கிலோமீட்டர் வரம்பைக் கொண்டுவர ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை, ஒரு வடிகாலையும் நகர்த்த வேண்டியதில்லை. கார் ஓட்டுபவருக்கு ஒரு பயணத்தில் ஓரிரு நிமிடம் கூடுதலாகும். சைக்கிள் பாதை வந்து சேர இன்னும் ஆண்டுகள் ஆகும் பேட்டைகளில் முதலில் செய்ய வேண்டியது இதுதான். தங்குவிடுதிகள் இருக்கும் தொழிற்பேட்டைச் சாலைகளுக்கு வேகக் குறைப்பு மட்டும் போதாது. லாரிகளின் பாதையிலிருந்து தடுப்பு வைத்துப் பிரித்த சைக்கிள் தடம் அங்கே தேவை. கட்டமைப்பு விரிவாக்கத்தில் குடியிருப்பு நகரங்களுக்குப் பின்னால் அவற்றைத் தள்ளாமல், அதே முன்னுரிமையோடு சேர்க்க வேண்டும்.